ஏரி டீமின் இடது பக்கம்

தி. நகரில் எனக்குத் தெரியாத சுவர் கிடையாது. பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன். இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்தவன் நான். கரணையைப் பிடித்துக் கொத்தனார் ஆனேன், மேஸ்திரி ஆனேன், பிறகு காண்டிராக்டர் ஆனேன். இன்றைக்கு அந்தப் பக்கம் யார் வீட்டிலாவது ஆணி அடித்துக் காரை உதிரவில்லை என்றால் அது நான் கட்டின சுவர். உதிர்ந்தால் வேறு யாரோ கட்டினது.

ஆனால் வீடு கட்டின கதையை எழுத உட்காரவில்லை. வீடுகள் நின்றுகொண்டிருக்கின்றன, போய்ப் பார்த்துக்கொள்ளலாம். நான் ஒரு கால்பந்து டீமுக்குக் கேப்டனாக இருந்தவன். அதை எந்தச் சுவரும் சொல்லாது. நானே சொன்னால்தான் உண்டு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நடந்தது. மாம்பலம் ஏரியை வடித்து, மேடு பள்ளம் நிரவி, மனை பிரித்து விற்றுக்கொண்டிருந்தார்கள். தெருவுக்குக் கோடு இருந்தது, தெரு இல்லை. வீடு அங்கே ஒன்று இங்கே ஒன்று, குழந்தைக்குப் பல் முளைக்கிற மாதிரி. நடுவில் கிடந்த வெட்டவெளியில் வேலை முடிந்த சாயங்காலம் நாங்கள் பந்து ஆடுவோம். கொத்தனார்கள் பாதி, மீதி கிடைத்தவர்கள். ஏரிக்குள் ஆடினதால் ஏரி டீம் என்று பெயர் வந்துவிட்டது. பட்டணத்து லீக்கில் மூன்றாம் டிவிஷன். மூன்றுக்குக் கீழே நாலு கிடையாது என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன், நீங்கள் வேறு யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்வதற்கு முன்னால்.

எங்கள் மைதானத்துக்கு ஒரு வியாதி. மாதா மாதம் இளைத்துக்கொண்டே வந்தது. ஒரு மனை விலை போனால் முளை அடித்துக் கயிறு கட்டிவிடுவார்கள். அடுத்த வாரம் கடைக்கால் தோண்டுவார்கள். நாங்கள் கோல் கம்பத்தைப் பிடுங்கித் தள்ளி நடுவோம். கடைக்கால் தோண்டுகிறவன் யார் என்கிறீர்கள்? நான்தான். பகலில் எந்த இடத்தைத் தோண்டினேனோ அதே இடத்தில் சாயங்காலம் பந்தோடு விழுந்து எழுந்திருப்பேன்.

எங்களோடு மணல் வண்டி ஓட்டுகிறவர் ஒருவர் ஆடினார். வாய் சும்மா இருக்காது அவருக்கு. "மேஸ்திரி, நாளைக்கு எங்க தோண்டப் போறே? இப்பவே சொல்லிடு நைனா, கோலைத் தூக்கி வண்டியில வச்சுக்கினு ஓடிடறோம்" என்பார்.

"நீ நிக்கிற எடத்துலதான்" என்பேன் நான்.

கடைசியில் ஒரே ஒரு கோலுக்குத்தான் இடம் மிஞ்சியது. எல்லாரும் அந்த ஒரு கோலைப் பார்த்தே ஆடுவோம். அதற்கு வலது பக்கம் மட்டும் கொஞ்சம் திறந்த இடம். இடது பக்கம், கம்பத்திலிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லை, ஒரு பெரிய உத்தியோகஸ்தர் வீடு. அதுவும் நான் கட்டினதுதான். சுவரில் இன்றுவரை ஒரு கீறல் கிடையாது.

அந்த வீட்டு அம்மா தங்கமானவர். தாகம் என்றால் செம்பு நிறைய மோர் கொடுப்பார். ஆனால் பந்து சுவரைத் தாண்டி உள்ளே விழுந்தால் மட்டும் கொடுக்க மாட்டார். "அவர் ஆபீஸ்லேருந்து வரட்டும், அவர்கிட்டயே கேட்டு வாங்கிக்கோங்கோ. செடியெல்லாம் முறிஞ்சு கெடக்கு" என்று கதவைச் சாத்திவிடுவார். அவர் வருவதற்குள் பொழுது போய்விடும். வந்ததும் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலில் நின்று இங்கிலீஷில் ஒரு பிரசங்கம் செய்வார். அதில் எங்களுக்குப் புரிகிற சொல் 'பால்' ஒன்றுதான். அந்தச் சொல் வரும்போதெல்லாம் எல்லாரும் சேர்ந்து பணிவாகத் தலையாட்டுவோம்.

எங்களிடம் இருந்தது ஒரே பந்து. ஒருத்தன் இடது பக்கம் அடித்தான் என்றால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது, அப்புறம் பிரசங்கம்தான். இடது பக்கம் அடிக்காதே என்று யாரும் யாருக்கும் சொல்லவில்லை. காலே தெரிந்துகொண்டது. நாளாக நாளாக எங்கள் டீமில் ஒருத்தன் காலும் இடது பக்கம் திரும்புவதை விட்டுவிட்டது.

"சொவரை இன்னும் ரெண்டாள் ஒசரம் தூக்கிக் கட்டினா இன்னா மேஸ்திரி?" என்று வண்டிக்காரர் கேட்பார்.

"பிளான்ல எவ்ளோ கீதோ அவ்ளோதான் கட்டுவேன். இது வீடு, ஜெயில் இல்லே."

அந்த இடது பக்கத்தில் ஆட வேண்டியவர் ராயப்பேட்டைத் தையல்காரர். பாய் என்று கூப்பிடுவோம். லெப்ட் அவுட். அவர் நிற்க வேண்டிய இடத்தில் வீடு நிற்கிறது, அவர் எங்கே நிற்பார்? சுவரை ஒட்டி நான் செங்கல் அடுக்கி வைத்திருந்தேன். பாய் அதன்மேல் உட்கார்ந்து, கொண்டுவந்த பையைத் திறந்து, சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுக்க ஆரம்பித்துவிடுவார். பந்து வந்தால் எழுந்துகொள்ளலாம் என்று ஊசியும் கையுமாக இருப்பார். பந்து வராது.

"பாய், ஆட்டம் எப்படிப் போவுது?" என்று கத்துவேன்.

"ரெண்டு சட்டை முடிஞ்சுது மேஸ்திரி!"

அவரை ஏன் டீமில் வைத்திருந்தீர்கள் என்று கேட்பீர்கள். எங்கள் பதினோரு பேருக்கும் சட்டை தைத்தவர் அவர். எனக்கும் ஓர் இடம் கொடுங்கள் என்று கேட்டார். அவர் வந்து கேட்ட நேரம் நல்ல மனையெல்லாம் விற்றுப் போயிருந்தது. மிச்சம் இருந்ததைக் கொடுத்தேன்.

இனி முசியேவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தக் கதையே அவருடையது. நான் கேப்டன் என்பதால் முன்னால் நிற்கிறேன்.

அவர் புதுச்சேரித் தமிழர். அங்கே ஐயா என்பதற்கு முசியே என்பார்களாம், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். மயிலாப்பூரில் லஸ் முனைக்குப் பக்கத்தில் ஒரு ரொட்டிக் கடையில் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய யுத்தத்தில் பிரெஞ்சுப் பட்டாளத்தோடு கப்பல் ஏறிப் போனவர். யுத்தம் முடிந்தும் உடனே திரும்பவில்லை. அங்கேயே ஒரு சின்ன ஊரில் ரொட்டி சுட்டுக்கொண்டு, அந்த ஊர் டீமில் ஒரு வருஷ லீக் முழுக்க ஆடியிருக்கிறார். அந்த ஊர்ப் பெயரை அவர் சொன்னால் ஜலதோஷம் பிடித்தவர் பேசுகிற மாதிரி இருக்கும். நாங்கள் திருப்பிச் சொன்னால் அவருக்கே ஜலதோஷம் பிடித்த மாதிரி முகம் ஆகிவிடும்.

நாங்கள் எல்லாரும் வெறுங்கால். அவர் ஒருவருக்குத்தான் பூட்ஸ், பிரான்சிலிருந்து கொண்டுவந்தது. அடித்தோலை எத்தனை முறை மாற்றினாரோ, அசல் பிரெஞ்சு என்று அதில் மிஞ்சியது கயிறு கோக்கிற ஓட்டைகள்தான். ஆட்டம் முடிந்து செங்கல் அடுக்கில் பாய் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பூட்ஸை அவிழ்க்கும்போது பிரான்சுக் கதை தொடங்கும்.

"அங்கே எத்தனை டிவிஷன் முசியே?"

"எண்ண முடியாது."

"ஒங்க டீம் அதுல எதுல?"

"அந்த எண்ண முடியாததுலதான்."

அந்த ஊரில் மைதானம் என்றால் ஒரு சரிவு நிலம், வாரம் பூரா மாடு மேய்கிற இடம். ஆட்டத்துக்கு முன்னால் மாட்டை ஓட்டி, சாணி அள்ள வேண்டும். இதைக் கேட்டதும் வண்டிக்காரர் எழுந்தே நின்றுவிட்டார்.

"வெள்ளைக்காரன் சாணி அள்றானா?"

"கேப்டனே அள்ளுவான்."

"மேஸ்திரி, காதுல வுழுந்துச்சா? கேப்டன்!"

கோலில் நிற்பவர் அந்த ஊர்க் கசாப்புக்கடைக்காரராம். கையைக் கழுவாமலே வந்து நிற்பாராம். அந்தக் கையைப் பார்த்தே எதிர் டீமில் பாதிப் பேர் கிட்டே வர மாட்டார்களாம். பனி கொட்டினால் தரையும் வெள்ளை, கோடும் வெள்ளை, பந்து எங்கே என்று காலால் துழாவித் தேடுவார்களாம். இப்படியெல்லாம் ஆடி அந்த வருஷம் அவர் டீம் மேலே ஏறுகிற நிலைக்கு வந்துவிட்டது. கடைசி ஆட்டம். ஜெயித்தால் மேலே. ஆட்டம் முடிகிற நேரத்தில் பெனால்டி. அடிக்கச் சொல்லி முசியே கையில் பந்தைக் கொடுத்தார்கள்.

இந்த இடத்துக்கு வரும்போது அவர் குரல் இறங்கிவிடும். "அடிச்சேன். கம்பத்துல பட்டுது. ஒரே சத்தம். பந்து திரும்பி வருது. அடிச்சவன் மறுபடி தொடக்கூடாது, அது சட்டம். நம்ம ஆளு எவனாவது ஓடி வந்து ஒரு தட்டு தட்டினா போதும். எவனும் வரலை. எல்லாரும் என் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு நிக்கிறான்."

அதற்குப் பிறகு அந்த ஊரில் அவர் சுட்ட ரொட்டியை ஜனங்கள் பேசாமல் வாங்கிக்கொண்டு போனார்களாம். அந்த மௌனம் தாங்காமல்தான் கப்பல் ஏறிவிட்டார்.

வாரத்துக்கு இரண்டு தடவையாவது இந்தக் கதை நடக்கும். முதல் தடவை எங்களுக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. போகப் போக மனப்பாடம் ஆகிவிட்டது. "அடிச்சேன்" என்று முசியே சொன்னதுமே வண்டிக்காரர் வாயாலேயே "டங்!" என்பார். முசியே ஒரு பூட்ஸை அவர்மேல் வீசுவார். அதோடு கதை முடியும், எல்லாரும் வீட்டுக்குப் போவோம். அன்றைய ஆட்டத்துக்கு அதுதான் மங்களம்.

அந்த வருஷம் லீக் தொடங்குவதற்கு முன்னால் முசியே என்னைத் தனியாகக் கூப்பிட்டார். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது, ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் முழங்கால் வீங்குகிறது, ரொட்டிக் கடை முதலாளி சனிக்கிழமை சாயங்காலம் விடுவதற்கு இந்த ஒரு வருஷம்தான் சம்மதித்திருக்கிறார்.

"மேஸ்திரி, ஒரு டீம் மேலே ஏறுறதை உள்ளே இருந்து நான் பார்க்கணும். வெளியே நின்னு கைதட்டுறதுக்கு இல்லே. இந்த வருஷம் நடக்கலேன்னா பூட்ஸை அடுப்புல போட்டுடுவேன்."

"போட்றாதீங்க. அந்த நாத்தத்துக்கு மயிலாப்பூர்ல ஒருத்தன் ரொட்டி வாங்க மாட்டான்" என்றேன். சிரித்தார். ஆனால் அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரிந்தது. ஏற்றிக் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். நான் வாக்குக் கொடுத்தால் நிறைவேற்றுகிறவன். கட்டின வீடுகளைக் கேட்டுப் பாருங்கள்.

லீக் ஆட்டங்கள் கோட்டைப் பக்கத்து மைதானத்தில். மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறிப் போவோம். முதல் ஆட்டத்துக்குப் போய் இறங்கி அந்த மைதானத்தைப் பார்த்ததும் எங்களுக்கு மயக்கம் வந்துவிட்டது. அவ்வளவு அகலம்! அதில் ஒரு தெருவே கட்டலாம் என்று மனசு கணக்குப் போட்டது. ஆட்டம் தொடங்கியதும் நாங்கள் பத்துப் பேரும் வலது பக்கம் ஒரே கும்பலாகச் சேர்ந்துவிட்டோம், மழைக்கு ஒதுங்கினவர்கள் மாதிரி. இடது பக்கம் பாய் ஒருவர், தன்னந்தனியாக. எதிர் டீம் அந்தப் பக்கமாகவே நடந்து போய்க் கோல் போட்டார்கள். நடந்துதான், ஓடக்கூட இல்லை.

இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாற்றினார்கள். இப்போதாவது சரியாகும் என்று பார்த்தால், அந்த வீடும் எங்களோடு பக்கம் மாறி வந்துவிட்டது. எந்தக் கோலைப் பார்த்து நின்றாலும் எங்கள் இடது பக்கத்தில் அந்த அம்மா பந்தை வாங்கி வைத்துக்கொள்ளக் காத்திருந்தார். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முதல் இரண்டு ஆட்டமும் தோற்றோம்.

மூன்றாவது ஆட்டத்துக்கு முன்னால் முசியே எங்களைச் சரி செய்யப் பார்த்தார். சுண்ணாம்பை எடுத்துத் தரையில் மைதானம் வரைந்தார். "நீ இங்கே, நீ இங்கே. பிரிஞ்சு நிக்கணும். பிரான்சுல இப்படித்தான்." தலையாட்டினோம். ஆட ஆரம்பித்ததும் பழையபடி வலது பக்கம் கூடிவிட்டோம். கடைசியில் கையை உதறிவிட்டு என்னிடம் வந்தார்.

அப்போது நான் ஒரு யோசனை சொன்னேன். இது முழுக்க என் மூளை, யாரும் பங்கு கேட்க முடியாது. "முசியே, கோணல் மனையில நேர் வீடு கட்ட முடியாது. மனை எப்படிக் கீதோ அப்படியே வீடு போடணும். நாங்க மூலையில ஆடிப் பழகினவங்க. பந்தையும் எதிராளியையும் மூலைக்கே இழுத்துக்கினு வந்துட்டா?"

அதுதான் நடந்தது. ஒரு சமையலறை அளவு இடத்தில் பத்துப் பேர் பந்து ஆடிப் பழகினவர்கள் நாங்கள். நெரிசலில் எங்கள் காலிலிருந்து பந்தை எடுக்க ஒருத்தனாலும் முடியாது. எல்லாரையும் வலது ஓரத்துக்கு இழுத்து, குட்டை குட்டையாகத் தட்டி, கோல் வரை கொண்டுபோய்ச் சொருகினோம். டிராம் ஓட்டுகிறவர்கள் டீம் தோற்றது, அச்சாபீஸ்காரர்கள் டீம் தோற்றது. கோல்கள் பெரும்பாலும் நான் போட்டதுதான். இதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் உண்மையை மறைக்கக் கூடாது.

லீக்கில் எல்லாருக்கும் விஷயம் தெரிந்துபோயிற்று. ஏரி டீமோடு ஆடினால் வலது பக்கம் மட்டும் பார்த்துக்கொள், இடது பக்கம் ஒரு பாய் நிற்பார், அவரால் தொந்தரவு இல்லை. பாய்க்குக் காவல் என்று ஒருத்தரையும் யாரும் நிறுத்தவில்லை. எதிர் டீம் ஆட்கள் அவரிடம் சட்டைக்கு அளவுகூடக் கொடுத்திருக்கிறார்கள், ஆட்டம் நடக்கும்போதே.

ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன்னால் கடைசி ஆட்டம். எங்களுக்கும் மயிலாப்பூர் வக்கீல் குமாஸ்தாக்கள் டீமுக்கும். அவர்கள் எங்களைவிட ஒரு புள்ளி மேலே. சமமாக முடிந்தால் அவர்கள் ஏறிவிடுவார்கள். நாங்கள் ஏற வேண்டுமென்றால் ஜெயித்தே ஆகவேண்டும். அன்றைக்கு ரயிலில் முசியே பூட்ஸை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார். வண்டிக்காரர்கூட அவரைச் சீண்டவில்லை. அதிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

குமாஸ்தாக்கள் பந்து ஆடுவதைவிட வாதம் செய்வதில் கெட்டிக்காரர்கள். ரெபரி ஒரு வெள்ளைக்காரச் சார்ஜெண்ட். ஒவ்வொரு விசிலுக்கும் அவரைச் சுற்றி நின்று அப்பீல் போடுவார்கள். அவர்களுடைய கோல் கீப்பர் பருத்த ஆசாமி, குடுமியை இறுக்கி முடிந்துகொண்டு நின்றார். ஆரம்பத்திலேயே என்னைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன ஓய் மேஸ்திரி, எடது பக்கத்தை யாருக்காவது கிரயம் பண்ணிக் குடுத்துட்டேளா? ஒரு ஈ காக்காயைக் காணோமே!"

"ஒங்களுக்கு ஒரு பக்கமே போதும் சாமி, மறுபக்கம் எதுக்கு வீணா?"

"ஆத்துல சொல்லிண்டு வந்திருக்கேன், சாயங்காலம் ஜெயிச்சுண்டு வரேன்னு."

"அவங்க அதை நம்பினாங்களா சாமி?"

முதலில் அவர்கள் ஒரு கோல் போட்டார்கள், எங்கள் காலி மனை வழியாகத்தான். இடைவேளைக்குப் பிறகு நான் ஒன்று திருப்பிப் போட்டேன். வலது மூலையில் நாலு பேருக்கு நடுவிலிருந்து திரும்பி அடித்தது. அதைப் பற்றித் தனியாகவே எழுதலாம், இப்போது வேண்டாம். சமம். நேரம் ஓடிக்கொண்டிருந்தது. முசியே ஒரு காலை இழுத்துக்கொண்டுதான் ஓடினார்.

முடியப் போகிற சமயத்தில் கோலுக்கு முன்னால் ஒரே தள்ளுமுள்ளு. என் கால் பட்டு எழும்பின பந்து ஒரு குமாஸ்தாவின் கையில் பட்டது. விசில். சார்ஜெண்ட் பெனால்டி புள்ளியைக் காட்டினார்.

உடனே கோர்ட்டு கூடிவிட்டது. "சார், கை பந்தைத் தேடிண்டு போகலை, பந்துதான் கையைத் தேடிண்டு வந்தது! கையோட குத்தம் இதுல எதுவும் இல்லை!" என்று தமிழிலும் இங்கிலீஷிலும் மாறி மாறி வாதாடினார்கள். சார்ஜெண்ட் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு மறுபடியும் புள்ளியைக் காட்டினார். அப்பீல் தள்ளுபடி.

பந்து என் கையில் இருந்தது. கேப்டன் நான், கோல் போடுகிறவனும் நான், நான்தான் அடிக்க வேண்டும். புள்ளியில் பந்தை வைக்கக் குனிந்தேன். எதிரில் இரண்டு பூட்ஸ் வந்து நின்றன.

"மேஸ்திரி, குடு."

நிமிர்ந்து பார்த்தேன். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு எவனாலும் மாட்டேன் என்று சொல்லியிருக்க முடியாது. வண்டிக்காரர் தரையில் உட்கார்ந்தே விட்டார்.

பந்தைக் கொடுத்தேன். கொடுக்கும்போது அவர் காதில் சொன்னேன். "கீப்பர் வலது பக்கமே சாஞ்சு நிக்கிறார் பாருங்க. எடது பக்கம் அடிங்க முசியே. இங்க வீடு கெடையாது."

அவர் கீப்பரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அந்த நேரத்திலும் மீசைக்குள் ஒரு சிரிப்பு வந்து போனது.

நாலடி பின்னால் போய் ஓடிவந்து அடித்தார். இடது பக்கம்! கீப்பர், குடுமி அவிழ, வலது பக்கம் பாய்ந்து மண்ணில் விழுந்தார். இடது பக்கம் முழுக்கத் திறந்து கிடந்தது. ஒரு மாட்டு வண்டியே உள்ளே போகலாம்.

கம்பத்தில் பட்டது.

அந்தச் சத்தத்தை நான் இப்போதும் கேட்கிறேன். வண்டிக்காரர் வருஷம் பூரா வாயால் போட்ட சத்தம் அச்சு அசலாக அதேதான். பந்து திரும்பி வந்தது. முசியே கண்ணை மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாங்கள் என்ன செய்தோம்? பிரான்சுக்காரர்கள் செய்ததைத்தான் செய்தோம். அவர் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நானும்தான்.

அப்போது இடது பக்கத்திலிருந்து ஒருத்தர் ஓடி வந்தார். பாய். காவல் இல்லை, தடுப்பார் இல்லை, அந்தப் பக்கத்தில் ஆளே இல்லை. வந்த வேகத்தில் பந்தை உதைக்கத்தான் காலைத் தூக்கினார். கால் தப்பிவிட்டது, முழங்காலுக்குக் கீழே எலும்பில் பட்டது. அவர் விழுந்தார். பந்து அவசரமே இல்லாமல் உருண்டு உருண்டு கோட்டைத் தாண்டி உள்ளே போய் நின்றது.

குமாஸ்தாக்கள் மறுபடி சார்ஜெண்டைச் சூழ்ந்தார்கள். "சார், இந்த மனுஷன் ஆட்டத்துலேயே கெடையாது! வருஷம் பூரா பந்தைத் தொட்டதே இல்லை! இன்னிக்குத் திடீர்னு வந்து தொட்டா அது எப்படிச் செல்லும்?" நல்ல பாயிண்ட்தான். ஆனாலும் செல்லும் என்று சார்ஜெண்ட் சொல்லிவிட்டார். ஆட்டம் முடிகிற விசிலையும் ஊதினார். ஏரி டீம் இரண்டாம் டிவிஷன்.

முசியே இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. நான் போய்த் தோளைப் பிடித்து உலுக்கித் திருப்பிக் காட்டினேன். வலைக்குள் கிடந்த பந்தைப் பார்த்தார். பக்கத்தில் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பாயைப் பார்த்தார். ஒன்றும் புரியாதவர் மாதிரி நின்றார்.

திரும்பி வரும்போது ரயிலில் ஒரே கூத்து. வண்டிக்காரர் பலகையில் தாளம் போட்டுக்கொண்டு வந்தார். முசியே மட்டும் பாய்க்கு எதிரில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். சைதாப்பேட்டைப் பக்கம் போகிற ஜனங்களெல்லாம் எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். கடைசியில் கேட்டுவிட்டார்.

"பாய், எல்லாரும் நின்னுட்டான். நீ மட்டும் எப்படி ஓடி வந்தே?"

"நீங்கதானே முசியே சொன்னீங்க" என்றார் பாய்.

"நானா? என்ன சொன்னேன்?"

"வருஷம் பூரா சொல்லிக்கினு இருந்தீங்களே. நீங்க பெனால்டி அடிச்சா கம்பத்துல படும், திரும்பி வரும், ஒருத்தனும் வர மாட்டான்னு. இவங்கெல்லாம் சிரிச்சிக்கினு இருந்தாங்க. நான் காஜா எடுத்துக்கினே கேட்டுக்கினு இருந்தேன். அதான், ஒங்க கால் பந்துல பட்டதுமே நான் கம்பத்தாண்ட கெளம்பிட்டேன்."

பெட்டியில் தாளம் நின்றுவிட்டது. முசியே பாய் பக்கம் குனிந்தார்.

"அப்போ நான் கோல் போடுவேன்னு உனக்கு நம்பிக்கையே இல்லே?"

"அல்லா சத்தியமா இல்லே முசியே."

யார் முதலில் சிரித்தது என்று தெரியாது. முசியே சிரித்துச் சிரித்து, கண்ணில் வந்த தண்ணீரைப் பாய் தைத்த சட்டையாலேயே துடைத்துக்கொண்டார். மாம்பலம் வந்து எல்லாரும் இறங்கின பிறகும் அவர் சிரிப்பு அடங்கவில்லை. அவர் அதற்கு முன்னால் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அதன்பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அடுப்பிலிருந்து எடுத்த சூடான பன் ஒன்று காகிதத்தில் சுற்றிப் பாய்க்கு வரும். கேப்டனுக்கு? எனக்கும் வரும். முந்தின நாள் பன்.

இரண்டாம் டிவிஷனில் எப்படி ஆடினீர்கள் என்று கேட்காதீர்கள். கோல் இருந்த இடத்திலும் வீடு வந்துவிட்டது, அதையும் நான்தான் கட்டினேன், நல்ல கெட்டி வேலை. நாங்கள் அடையாறு ஆற்று மணலுக்கு மாறினோம். அங்கே இரண்டு பக்கமும் திறந்த வெளி. பாய்க்கு உட்கார இடமில்லை, எங்களுக்கு எந்தப் பக்கம் ஆடுவது என்று தெரியவில்லை. முசியே இரண்டு ஆட்டம் ஆடிப் பார்த்துவிட்டு முழங்காலைத் தடவிக்கொண்டு ஒதுங்கிவிட்டார். பூட்ஸை அடுப்பில் போடவில்லை. கடையில் மாவு மூட்டைகளுக்கு மேலே ஆணி அடித்து மாட்டினார். ஆணியை நான் அடித்துக் கொடுத்தேன்.

ரொட்டி வாங்க வருகிறவர்கள் அது என்ன பூட்ஸ் என்று கேட்டால் பிரான்சுக் கதை தொடங்கும். மாடு, சாணி, கசாப்புக்கடைக்காரர் கை, எல்லாம் பழையபடியே வரும். கடைசியில் பெனால்டி. மணல் இறக்கிவிட்டு ஒரு பன்னைக் கடித்துக்கொண்டு வாசலில் நிற்கிற வண்டிக்காரர் சரியான இடத்தில் "டங்!" என்பார்.

முன்னால் அந்த இடத்தில் பூட்ஸ் பறந்து வரும். இப்போது முசியே அவரைப் பார்த்து, மாவு ஒட்டின விரலைத் தூக்கிக் காட்டுவார்.

"இருடா, இன்னும் முடியலை" என்பார்.